அண்ணனுக்கு வாங்கிய நான்கு ஹீட்டர் பிளக்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குள் பேச்சு நின்றுவிட்டால் அதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. பேசாதவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒரே சட்டியிலிருந்து குழம்பு ஊற்றிக்கொள்வார்கள், சொல்ல வேண்டியதை மட்டும் நடுவில் இருக்கும் மூன்றாவது ஆளிடம் சொல்வார்கள். "மழை வர்ற மாதிரி இருக்கு, துணிய எடுக்கச் சொல்லு" என்பார் அப்பா. இரண்டடி தள்ளி நிற்கும் சித்தப்பா, "எடுத்தாச்சுன்னு சொல்லுங்கண்ணி" என்பார். நடுவில் இருக்கும் அம்மா வாயைத் திறக்கவே தேவையில்லை. ஆனால் அவள் அங்கே இருந்தாக வேண்டும். எழுந்து போய்விட்டால் பேச்சும் அதோடு நின்றுவிடும். "நான் இன்னா தபால் பெட்டியா?" என்று கத்துவாள். சாகும்வரை அவள் தபால் பெட்டியாகத்தான் இருந்தாள். அவளுக்குப் பிறகு அந்த வேலை அண்ணிக்குப் போனது, ஏனென்றால் அடுத்துப் பேச்சை நிறுத்தியவர்கள் நானும் என் அண்ணனும்.

காரணத்தை மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்தை முடித்து வைத்தவன் அண்ணன். மாப்பிள்ளை அவனுக்குத் தெரிந்தவர், நல்ல வேலை, குடி கிடையாது. குடிக்காமலேயே அடிக்கிற ஆள் என்பது எனக்குத்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார். நான் ஒரு பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஜோகுபாளையத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஆட்டோவில் வந்தேன். நெற்றியில் வீக்கம் அப்படியே இருந்தது. மாலையில் அவரும் வந்தார். தெருக்காரர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசினார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்றார் அவர், அமைதியாக. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "இவ சின்னதுல இருந்தே இப்டித்தாங்க. எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா."

அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதையும் நிரூபிக்கப் போகவில்லை. தொம்மலூரில் ஒரு அறை எடுத்தேன். ஒரு அலுவலகத்தில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. நல்ல நாள் பெரிய நாளுக்கு அண்ணன் வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன், அண்ணி வழியாகப் பேசுவேன், வந்துவிடுவேன். அடித்தவர் மீது இருந்த கோபம்கூட ஒரு வருடத்தில் ஆறிப்போனது. அண்ணன் மீது இருந்தது ஆறவில்லை. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். நாலு பேர் முன்னால் என் வார்த்தையை நம்பவில்லை அல்லவா, அதே மாதிரி யார் முன்னாலாவது ஒருமுறை, இவள் சொல்வது நிஜம் என்று அவன் வாயால் வர வேண்டும். மூன்று வருடமாக எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கேட்டால் அற்பமாகத் தெரியும். அதற்காக நான் எவ்வளவு தூரம் போவேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

அண்ணனிடம் ஒரு பழைய டிராக்டர் இருந்தது. ஹொசக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயி உழுது களைத்து விற்றதை வாங்கி, பின்னால் தண்ணீர் டேங்க் மாட்டியிருந்தான். பெங்களூரில் பாதிக் கட்டடங்கள் குழாயை நம்பி இல்லை, இந்த மாதிரி டிராக்டரையும் லாரியையும் நம்பித்தான் குளிக்கின்றன. அவனுக்கு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் காலைத் தண்ணீர் நிரந்தரமாகக் கிடைத்திருந்தது. தினமும் ஆறரைக்குள் இரண்டு டேங்க் இறக்கிவிட வேண்டும். வீடு ஓடியது அதில்தான். மற்றதெல்லாம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

அந்த டிசம்பரில் டிராக்டர் காலையில் கிளம்ப மறுத்தது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே காற்று அழுந்தி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். எஞ்சின் பழையது, காலை குளிர்ந்தது என்றால் அந்தச் சூடு போதாது. அதற்காக அந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் உண்டு. பார்க்க ஒரு சின்ன உலோகப் பென்சில் மாதிரி இருக்கும். சாவியை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டால் அதன் முனை எஞ்சினுக்குள்ளே பழுத்துச் சிவக்கும். பிறகு மறுபக்கம் திருப்பினால் வண்டி கிளம்பும். நாலு பிளக்கில் மூன்று செத்துப்போயிருந்தன. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது, அண்ணி ஒரு செத்த பிளக்கை செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்த அன்று.

"டீசல்ல துணிய முக்கி, பத்த வச்சு, காத்து இழுக்கற வாயாண்ட புடிக்கிறாரு. அப்பத்தான் வண்டி எடுக்குது" என்றாள் அண்ணி. "நேத்து கையில முடியெல்லாம் பொசுங்கிப் போச்சு. அந்த அபார்ட்மென்ட் செக்ரட்டரி வேற, இன்னொரு நாள் லேட் ஆச்சுன்னா வேற டேங்கர் பார்த்துக்கறோம்னு சொல்ட்டாரு."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"நீ போயி வாங்கிக் குடும்மா. போன தடவ இவரு போயி வாங்கியாந்தது மரையே சேரல. கடைக்காரன் திருப்பி எடுத்துக்கவும் இல்ல. டப்பா மேல எல்லாம் இங்கிலீஷ்ல போட்டிருக்கு. இவருக்கு என்ன தெரியும்? ஏழாவது வரைக்கும் கன்னட மீடியம்." அண்ணி பிளக்கை என் பக்கம் நகர்த்தினாள். "அவருதான் சொன்னாரு. அவளக் கேளு, அவ படிச்சுப் பார்த்து வாங்குவான்னு."

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. அண்ணி போன பிறகு அந்தக் கரி பிடித்த பிளக்கை மேசை விளக்குக்குக் கீழே வைத்து அதன் பக்கத்தில் பொறித்திருந்த எண்ணை எழுதிக்கொண்டேன். மரையின் அகலத்தை ஸ்கேலில் அளந்தேன். முனையின் நீளத்தை அளந்தேன். பரீட்சைக்குப் படிக்கிற பெண் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஜே.சி. ரோடுக்குப் போனேன். ஒரு தெரு முழுக்க வண்டிச் சாமான்கள். மூன்று கடைகளில் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இது எந்தக் காலத்து மாடல் மேடம்" என்று சிரித்தார்கள். நாலாவது கடையில் வயதான ஒரு பாய் சிரிக்கவில்லை. பிளக்கை வாங்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து, மரையை ஒரு அளவுகோலில் வைத்துப் பார்த்தார். பிறகு அதை ஒரு பிடியில் இறுக்கிவிட்டு பேட்டரி ஒயரைத் தொட்டுக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. "செத்துப்போச்சு" என்றார்.

உள்ளே போய் இரண்டு ரகங்களைக் கொண்டுவந்தார். முதல் ரகம் பழையதைப் போலவே கனமாக இருந்தது, சாதாரண அட்டை டப்பாவில். ஒயரைத் தொட்டதும் மெதுவாக, சோம்பலாகச் சூடாகி, அரை நிமிஷம் கழித்துத்தான் ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. இரண்டாவது ரகம் மெல்லிய முனை, பளபளப்பான டப்பா. ஒயரைத் தொட்டதும் முனையிலிருந்து சிவப்பு விறுவிறுவென்று ஏறியது. நான் கண்ணை எடுக்கவில்லை.

"மரை ரெண்டும் ஒண்ணுதான், நீளமும் ஒண்ணுதான்" என்றார் பாய். "ஆனா உங்க வண்டிக்கு முதல் ரகம் போதும் மேடம். பழைய வண்டிக்குப் பழைய மால்தான் ஒத்துக்கும்."

"இது சீக்கிரம் சூடாகுதே."

"ஆகும். அதுக்குன்னு புது வண்டியில ஒரு டைமர் டப்பா இருக்கும், நேரம் பார்த்து தானா கரன்ட் கட் பண்ணிடும். உங்க வண்டியில சாவிய கையாலதானே புடிக்கிறாங்க?"

"ஆமாம்."

"அப்போ ரிஸ்க். கையால புடிச்சா ஏழு எண்ணணும், விட்டுடணும். எட்டு வேணாம். ஜாஸ்தி புடிச்சா முனை வீங்கும். வீங்கினா ஒரு நாள் உடைஞ்சு உள்ள விழும். இஞ்சின் காலி."

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அண்ணன் குளிரில் நிற்க வேண்டாம், கை சுட்டுக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன் என்று எழுத ஆசைதான். அதுவும் ஒரு ஓரத்தில் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது வேறு: பழைய ரகத்தை வாங்கிக்கொண்டு போனால் அதில் என் கைவரிசை என்ன இருக்கிறது? யார் போனாலும் அதைத்தான் வாங்கியிருப்பார்கள். நான் போனதால்தான் இது கிடைத்தது என்று அவன் தினமும் காலையில் ஒருமுறை நினைக்க வேண்டும். எனக்கு அந்தச் சிவப்பு வேண்டியிருந்தது.

"இதையே குடுங்க பாய்" என்றேன்.

"டிரைவர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. ஏழு."

"எங்க அண்ணன்தான் ஓட்றாரு. சொல்லிடறேன்."

அவர் நாலையும் எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் விரலைக் காட்டி, "ஏழு" என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. எத்தனை தரம் சொல்வார் என்று தோன்றியது.

சாயங்காலம் ஜோகுபாளையம் போனேன். வீட்டு வாசலில் டிராக்டர் நின்றிருந்தது. அண்ணன் டேங்க் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. அண்ணி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சபை கூடியாயிற்று.

நான் பையை அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணி அதை அண்ணனிடம் கொடுத்தாள். அவன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முனையை விரலால் தடவினான்.

"முனை சன்னமா இருக்கே, சேருமான்னு கேளு" என்றான் அண்ணியிடம்.

"மரை, நீளம் எல்லாம் சரி பார்த்தாச்சு, கடையில பேட்டரி வச்சுக் காட்டினாங்கன்னு சொல்லுங்கண்ணி. பழச விட இது சுருக்கா சூடாகும்."

"பரவால்லையே" என்றான். இது யாரிடமும் சொல்லப்படவில்லை. காற்றில் வந்தது. மூன்று வருடத்தில் என்னை நோக்கி வந்த முதல் வார்த்தை அது என்று நான் எடுத்துக்கொண்டேன், மனசு அப்படியே நிறைந்துவிட்டது. அந்த நிறைவோடு, ஏழு எண்ணுவதைச் சொல்ல வாயெடுத்தேன். "இன்னொண்ணு சொல்லணும் அண்ணி" என்றுகூட ஆரம்பித்துவிட்டேன். அப்போது உள்ளே பால் பொங்கும் வாசனை வந்தது. "ஐயோ" என்று அண்ணி முறத்தை வைத்துவிட்டு ஓடினாள்.

வாசலில் அவனும் நானும் மட்டும் நின்றோம். பத்தடி இடைவெளி. நடுவில் ஆள் இல்லை.

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஒரு வாக்கியம். ஏழு எண்ணிவிட்டு சாவியை விட்டுவிடு. வாயைத் திறந்தால் முடிந்தது. ஆனால் நான் முதலில் பேசினால் நான்தான் இறங்கி வந்தேன் என்று ஆகும். மூன்று வருடம் எதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தேனோ அது போய்விடும். அவன் கேட்கட்டும் என்று நின்றேன். இதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரே ஒரு வார்த்தை என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் ஏழு என்ன, எழுபது தடவை சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. ஸ்பானரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். அவனும் அதே பிடிவாதத்தில்தான் நின்றான் என்று இப்போது தெரிகிறது.

உள்ளே அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வர நேரமாயிற்று. எனக்கு ஆத்திரம் வந்தது. நான் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, "டப்பாக்குள்ள பேப்பர் இருக்கு அண்ணி, எல்லாம் அதுல எழுதியிருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன். அந்தப் பேப்பர் ஆங்கிலத்தில் இருந்தது. அவனுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் என்னை அனுப்பினார்கள் என்பதும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அண்ணன் வண்டி எடுக்கும் விதத்தை அந்த வீட்டில் இருந்த நாட்களில் பார்த்திருக்கிறேன். காலையில் ஏறி உட்கார்ந்ததும் இடது கையால் சாவியை ஹீட்டர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வான். வலது கையில் ஊதுபத்தி. ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருக்கும் சாமி படத்துக்குச் சுற்றுவான், பிறகு எஞ்சினுக்கு, பிறகு திரும்பி டேங்குக்கு. குலசாமி பெயரில் ஆரம்பித்து, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, நல்லா வையப்பா என்று முடித்த பிறகுதான் சாவியை மறுபக்கம் திருப்புவான். அந்தப் பூஜைதான் அவனுக்குக் கடிகாரம். அரை நிமிஷம், சில நாள் அதற்கும் மேலே. பழைய பிளக்குக்கு அது சரியான கணக்கு.

இரண்டாம் நாள் அண்ணி போன் செய்தாள். "ஒரே கிராங்க்ல எடுத்துக்கிச்சும்மா. இவருக்கு ஒரே குஷி. நல்ல சாமானா பார்த்து வாங்கியிருக்கான்னு சொன்னாரு."

"சொன்னாரா?"

"ஆமா. அது மட்டுமா? காலையில பூஜ பண்ணும்போது இப்பல்லாம் உன் பேரையும் சேர்த்துச் சொல்றாரு. என் காதால கேட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். அண்ணி, அவரு ஏழு எண்ணினா போதும், அதுக்கு மேல பிடிக்க வேணாம்னு சொல்லுங்க. ஒரு மூச்சில் முடிகிற விஷயம். ஆனால் சொன்னால், இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். நல்ல சாமானாக வாங்கியவள், பாதி விஷயத்தை விழுங்கியவளாக ஆகிவிடுவாள். மூன்று வருடம் கழித்துக் கிடைத்த ஒரு பாராட்டை நான் ஒரு நாள் வைத்திருந்து பார்க்க ஆசைப்பட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். காலை ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வரும். இப்போது சாவியைத் திருப்பியிருப்பான், இப்போது என் பெயர் வந்திருக்கும் என்று படுத்தபடி நினைப்பேன். ஏழு என்பதும் கூடவே நினைவுக்கு வரும். பாய் சும்மா பயமுறுத்தினார், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று புரண்டு படுப்பேன்.

ஒன்பதாம் நாள் உடைந்தது. முதல் டேங்கை ஏற்றிக்கொண்டு போகும்போதே எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டதாம். நிறுத்தினால் ஆறரை தாண்டிவிடும் என்று அந்தச் சத்தத்தோடேயே ஓட்டியிருக்கிறான். குடியிருப்புக்குள் நுழைந்து தண்ணீரை இறக்கி முடித்தான். திரும்பக் கேட்டைத் தாண்டும்போது ஒரு இடி மாதிரி சத்தம், வெள்ளைப் புகை, வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் திறந்து பார்த்தபோது இரண்டு பிளக்கின் முனை கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது, மூன்றாவதில் முனையே இல்லை. அது உள்ளே விழுந்து பிஸ்டனை ஓட்டை போட்டு, எஞ்சினின் மேல்மூடியிலும் விரிசல் விழ வைத்திருந்தது. இந்த மாடலுக்கு இனி சாமான் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் செலவழிக்கிற அளவுக்கு இந்த வண்டியில் ஒன்றும் இல்லை என்றார் மெக்கானிக். மறுநாளே அந்தக் குடியிருப்புக்கு வேறு டேங்கர் போனது.

மத்தியானம் அண்ணி அழுதுகொண்டே போன் செய்தாள். "போலி மால வித்துட்டான் அந்த ஆளு. இவரு கடைக்குக் கிளம்பறாரு. கட எங்கன்னு உனக்குத்தானே தெரியும், நீயும் போம்மா. எனக்கு வேலையில லீவு தரல."

ஆகவே நானும் அண்ணனும் தனியாக, நடுவில் ஆள் இல்லாமல், ஒரே பஸ்ஸில் போனோம். முன்பக்கம் பெண்கள் பகுதியில் நான், கடைசி வரிசையில் அவன். டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தோம். இறங்கியதும் நான் முன்னால் நடந்தேன், அவன் பின்னால் வந்தான். வழி முழுவதும் எனக்குள் ஒரே எண்ணம்தான். கடைக்குப் போவதற்குள் திரும்பி நின்று சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கடை வாசலையும் தாண்டும்போது, அடுத்த கடை வாசலில் சொல்கிறேன் என்று நினைத்தேன். கடை வந்துவிட்டது.

அண்ணன் பிளாஸ்டிக் கவரிலிருந்து வீங்கிய பிளக்குகளை எடுத்து பாயின் மேசை மேல் கொட்டினான். "இன்னா மால் குடுத்துகிறீங்க? என் வண்டியே பூட்ச்சு. என் பொழப்பே பூட்ச்சு."

பாய் ஒன்றை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எவ்ளோ நேரம் புடிச்சீங்க?"

"எப்பவும் புடிக்கிற மாதிரிதான். அரை நிமிசம்."

"அரை நிமிஷமா?" பாய் பிளக்கைக் கீழே வைத்தார். "ஏழு செகண்டுக்கு மேல கூடாதுன்னு இந்த மேடம்கிட்ட சொன்னேனே. ஒரு தடவ இல்ல, மூணு தடவ சொன்னேன். டிரைவர்கிட்ட சொல்லுங்கன்னு சொன்னேன். மேடம், சொல்லலையா நீங்க?"

கடையில் வேறு மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களும் திரும்பினார்கள். அண்ணனும் திரும்பினான். மூன்று வருடத்தில் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தான். அவன் கையில் பொசுங்கிய இடத்தில் முடி இன்னும் முளைக்கவில்லை. தொண்டை வரைக்கும் உண்மை வந்தது என்று சொல்வார்கள். எனக்கு அதுகூட வரவில்லை. பொய்தான் தயாராக இருந்தது.

"இவரு என்கிட்ட ஒண்ணுமே சொல்லல" என்றேன்.

"மேடம்!" என்றார் பாய். "அல்லா மேல ஆணையா..."

அவரை அண்ணன் முடிக்க விடவில்லை. மேசையைத் தட்டினான். "யோவ், வயசான ஆளுன்னு பார்க்கறேன். எங்க வீட்டுப் பொண்ணு அது. என் தங்கச்சி. அது சொல்லலன்னு சொன்னா சொல்லலதான். சின்னதுல இருந்து எனக்குத் தெரியும், அதுக்குப் பொய் பேச வராது."

நான் காத்திருந்தது அதுதான். நாலு பேர் முன்னால், சத்தமாக, என் வார்த்தைக்கு அவன் நின்றான். கடையில் ஆட்களை எண்ணிப் பார்த்தேன், சரியாக நாலு பேர் இருந்தார்கள்.

பாய் அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. "ஆகட்டும்" என்றார். "நான் சொல்லல போலிருக்கு. வயசாயிட்டுது, மறந்திருப்பேன்." உள்ளே போய்ப் பழைய ரகம் நாலு பிளக்கைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தார். "இத எடுத்துட்டுப் போங்க. காசு வேணாம்." போடுவதற்கு எஞ்சின் இல்லை என்றாலும் அண்ணன் அதை எடுத்துக்கொண்டான். ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பான். படியிறங்கும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முனையில் ஒரு டீக்கடை இருந்தது. "வா, டீ குடிக்கலாம்" என்றான். என்னிடம்தான். நேராக. இரண்டு டீ வாங்கி ஒன்றை என் கையில் கொடுத்தான். கொஞ்ச நேரம் ஊதி ஊதிக் குடித்தான். பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்: "அந்த ஆளு எவ்ளோ கூசாம பொய் சொன்னான் பார்த்தியா. உன் மூஞ்சிக்கு நேராவே. அன்னிக்கு உன் வீட்டுக்காரனும் இப்டித்தான் உக்காந்து பேசினான் இல்ல. நான் உன்னத்தான் நம்பியிருக்கணும். என் மேல தப்பு."

டீ சுட்டது. நான் குடித்தேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? பிளக் விஷயத்தில் பொய் சொன்னவள், சுவரில் தலை மோதிய விஷயத்திலும் பொய்தானே சொல்லியிருப்பாள். அவன் அப்படித்தான் நினைப்பான், நினைக்காமல் இருக்க அவனால் முடியாது. நான் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய உண்மையை அவன் நம்பியது, இந்தப் பொய்யின் பலத்தில். ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் விழும். அதனால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பரவால்ல விடுண்ணா" என்றேன்.

டிராக்டரை அந்த மாசமே பழைய இரும்புக்குப் போட்டார்கள். அண்ணன் இப்போது வேறொருவரின் டேங்கர் லாரியை ஓட்டுகிறான். அதற்கு ஹீட்டர் சாவி கிடையாது. ஜே.சி. ரோடு பக்கம் போக வேண்டி வந்தால் நான் சுற்றிப் போகிறேன். அண்ணி அந்த இங்கிலீஷ் பேப்பரை எங்கே போட்டாள் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இப்போது எங்களுக்குள் பேச்சு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. யாராவது விருந்தாளி வந்து டிராக்டர் என்னாயிற்று என்று கேட்டால் அவன் அந்தக் கடைக் கதையை முழுதாகச் சொல்வான். போலி மால், வயசான கடைக்காரன், ஆணையிட வந்தது, என் தங்கச்சி நேருக்கு நேர் நின்று கேட்டதில் அந்த ஆள் வாயடைத்துப்போனது. ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் கூடிக்கொண்டே போகிறது. முடிக்கும்போது என் பக்கம் திரும்பி, "இன்னா, அப்டித்தானே?" என்பான்.

நான் ஆமாம் என்பேன்.